பின்பக்கம் பார்த்து வாங்கியவன்

செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மின்பொருள் கடை இருந்தது. நான் உள்ளே நுழைந்தால் கடைக்காரர் தன் தம்பியிடம் எனக்குக் கேட்கும்படியே சொல்வார்: “டேய், சாரு வந்துட்டாரு. அல்லாத்தியும் திருப்பி வை. பொண்ணு பாக்கப் போயி முதுகப் பாக்கற மாப்ள இவரு.”

அவர் சொன்னது உண்மைதான். டேப் ரெக்கார்டரோ தொலைக்காட்சியோ, எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது அதன் பின்பக்கத்தைத்தான். எத்தனை துளைகள் இருக்கின்றன, பிற்பாடு எதை எதையெல்லாம் அதில் சொருகலாம், உள்ளே எவ்வளவு இடம் காலியாக விட்டிருக்கிறார்கள் என்று எண்ணுவேன். பின்பக்கம் வழவழவென்று இருந்தால் அது எனக்குப் பொருளே அல்ல. அதை வாங்குகிறவர் எனக்கு மனிதரே அல்ல.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் கருவிப் பிரிவுப் பொறியாளனாக இருந்தேன். அங்கே ஒரு கட்டுப்பாட்டுப் பலகை வடிவமைத்தால் ஐந்தில் ஒரு பங்கு இணைப்பு முனைகளைக் காலியாக விடவேண்டும். நாளைக்குப் புதிதாக ஓர் அளவுமானி வரலாம், ஒரு அபாயமணி சேரலாம். அணு உலைக்கு அது சரி. கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் இரண்டு படுக்கையறைக் குடியிருப்புக்கு அதையே விதியாக்குவது மடத்தனம். அந்த மடத்தனத்துக்கு நான் தொலைநோக்கு என்று பெயர் வைத்திருந்தேன்.

நான் மட்டும் மடையனாக இருந்திருந்தால் பரவாயில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் நகரியத்தில் என்னைக் கேட்காமல் யாரும் ஒரு இஸ்திரிப் பெட்டிகூட வாங்கமாட்டார்கள். அலுவலகப் பேருந்தில் என் பக்கத்து இருக்கை ஆலோசனை இருக்கை. தினம் ஒருவர் வந்து உட்கார்ந்து, “சார், இதை வாங்கலாமா அதை வாங்கலாமா” என்று கேட்பார். நான் ஒரே கேள்வியைத் திருப்பிக் கேட்பேன்: “நாளைக்கு விரிவாக்க முடியுமா?” அவர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள். முனைவர் பட்டம் வாங்கியவர்கள், நியூட்ரானைக் கைக்குழந்தைபோல் அறிந்தவர்கள், ‘நாளைக்கு’ என்ற சொல்லைக் கேட்டதும் பயந்துபோய் என் பேச்சைக் கேட்டார்கள். ஒருவர் ஏழு உபகரணங்களோடு ஒரு மிக்ஸி வாங்கினார். அவர் மனைவி சட்னி ஜாரைத் தவிர வேறெதையும் தொடவில்லை. மற்ற ஆறும் பரணில் அட்டைப்பெட்டியோடு கிடந்தன. இன்னொருவர் நான் சொன்னேன் என்று உள்ளே ஐந்து அட்டைகள் சொருக இடமுள்ள கணினி வாங்கி அதில் ஓய்வு நேரத்தில் சீட்டாடினார். அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் காலி இடங்களை நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். காலி இடத்தைப் பார்த்துப் பெருமைப்படும் ஓர் இனம் இருந்தது. அதற்கு நான் தலைவன்.

என் மனைவிக்கு ஒரு அண்ணன் உண்டு. கும்பகோணத்தில் பெற்றோர் சீக்கிரம் போய்விட, மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு அவர்தான் இவளை வளர்த்தார். பிறகு மஸ்கட்டில் குழாய் பொருத்தும் வேலைக்குப் போனார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். கடிதம் போனால் அறையில் கூட இருக்கும் யாராவது உரக்கப் படித்துச் சொல்லவேண்டும். அதனால் அங்கிருந்த பலரையும் போல அவர் கேசட்டில் பேசி அனுப்புவார். ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். இவளும் கேசட்டில் பேசித் திருப்பி அனுப்பவேண்டும். அவர் அதைக் காதில் மாட்டும் சின்னக் கருவியில் போட்டு, கட்டிலில் படுத்துக்கொண்டு தனியாகக் கேட்பார். அண்ணனும் தங்கையும் வேறு யாருமில்லாமல் பேசிக்கொள்ள இருந்த வழி அது ஒன்றுதான்.

“ஏங்க, ஒரு டூ-இன்-ஒன் வாங்கிக் குடுங்க” என்று அவள் கேட்டாள். “சிவப்புப் பட்டன் ஒண்ணு இருக்குமே, அமுக்கினா பதியுமே, அது. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட மின்பொருள் அதுதான். அது எனக்கு அவமானமாக இருந்தது. வானொலியும் டேப்பும் ஒன்றாகச் சேர்ந்த, கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் டப்பா. பின்பக்கத்தில் மின்கம்பி போக ஒரு துளை, அவ்வளவுதான். என் வீட்டில் அதுவா?

மாமல்லபுரத்தில் அப்போது ஒரு வெள்ளைக்காரர் மூன்று வருடம் வீடெடுத்துத் தங்கிக் கல் செதுக்கக் கற்றுக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பும்போது தன் இசைக் கருவி அடுக்கை வீட்டுக்காரரிடமே விட்டுவிட்டுப் போனார். ஆம்பிளிஃபையர் தனி, வானொலி தனி, கேசட் டெக் தனி. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் இடுப்பு உயரம். நான் போய், முன்பக்கத்தைப் பார்க்காமல், சுவரோரமாகக் குனிந்து பின்பக்கத்தை எண்ணினேன். ஒன்றோடொன்று இணைத்தது போக மிச்சம் பதினாறு துளைகள். கடற்காற்றில் பாதி பச்சை பிடித்திருந்தன. வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“சார், முன்னாடி வந்து பாருங்க சார். பின்னாடி இன்னா கீது?”

“பின்னாடிதான் எல்லாம் இருக்கு” என்றேன்.

அந்த அடுக்கு வீட்டுக்கு வந்ததும் அதிலும் எனக்குக் குறை தென்பட்டது. டெக்கில் மைக் சொருக ஒரே ஓர் இடம். அது மிக எளிமை. எனவே நான்கு மைக்குகள் சேர்க்கும் கலவைக் கருவி ஒன்றை நானே கூட்டிப் பற்றவைத்துச் செய்தேன். வீட்டில் மைக் ஒன்றுதான் இருந்தது. மற்ற மூன்றும் பின்னாளில்.

இப்படியாக, அவள் தன் அண்ணனோடு பேசுவதற்கு ஒன்பது செயல்கள் தேவைப்பட்டன. எதை முதலில் போடவேண்டும், எந்தக் குமிழை எங்கே நிறுத்தவேண்டும், ஒலி அளவைக் காட்டும் எந்த ஊசி எதைத் தாண்டக்கூடாது என்று தட்டச்சு செய்து, கட்டுப்பாட்டு அறையில் ஒட்டுவதைப் போலவே சுவரில் ஒட்டினேன். ‘படி ஆறு: ஊசி சிவப்புப் பகுதிக்குள் செல்லவில்லை என்பதை உறுதி செய்க.’ ஒவ்வொரு படிக்கும் எதிரில் சரிபார்த்துக் குறியிட ஒரு கட்டமும் போட்டிருந்தேன். சொந்த அண்ணனிடம் ‘எப்படி இருக்கே’ என்று கேட்கப் போகும் ஒரு பெண்ணிடம் பென்சிலைக் கொடுத்துக் கட்டத்தில் குறியிடச் சொன்னவன் நான்.

அவள் இரண்டு முறை முயன்றாள். முதல் முறை கேசட்டில் எதுவும் விழவில்லை. இரண்டாம் முறை அவள் குரலுக்குப் பதிலாக இலங்கை வானொலிதான் விழுந்திருந்தது. அதன் பிறகு நானே உட்கார்ந்து இயக்கினேன். காதில் ஹெட்போன், கை குமிழில், கண் ஊசியில். அவள் எதிரே மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள்.

“அண்ணே, நல்லா இருக்கியா? நாங்க நல்லா இருக்கோம்...”

“கொஞ்சம் தள்ளிப் பிடி. ப, ப-னு காத்து விழுது.”

“நல்லா இருக்கோம்ணே. இங்க மழை. உடம்பப் பாத்துக்க...”

“சிவப்புக்குப் போகுது. மெதுவாப் பேசு.”

“...அவ்வளவுதாண்ணே.”

மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அறுபது நிமிடக் கேசட்டில் மூன்று நிமிடம். ஒரு நாள் அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, “நீங்க கொஞ்சம் வெளிய இருங்களேன். எங்க அண்ணன்கிட்ட தனியாப் பேசணும்” என்றாள். நான் சிரித்தேன். “நான் வெளிய போனா லெவலை யார் பாக்கறது?” என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பல விஷயங்களில் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்களுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு கிரேன் ஆபரேட்டர் குடியிருந்தார். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒரு காலனி அவருக்கு. அவர் அப்பா பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் இவர். அவரும் ஒரு நாள் ஆலோசனை இருக்கையில் வந்து உட்கார்ந்தார்.

“சார், வூட்ல பாட்டு கேக்க ஒரு செட்டு வாங்கலாம்னு கீறேன். எது நல்லாருக்கும்?”

நான் வழக்கமான பிரசங்கத்தைச் செய்தேன். பிற்பாடு ஒலிபெருக்கி சேர்க்கலாம், இன்னொரு டெக் சேர்க்கலாம், பின்பக்கத்தில் குறைந்தது ஆறு துளையாவது இருக்கவேண்டும் என்றேன். அவர் கவனமாகக் கேட்டார். அடுத்த வாரம் கைப்பிடி வைத்த டூ-இன்-ஒன்னைத் தோளில் வைத்துக்கொண்டு அதே பேருந்தில் வந்து ஏறினார்.

“நான் சொன்னதென்ன, நீங்க வாங்கிட்டு வந்ததென்ன?” என்றேன்.

“கோச்சிக்காதீங்க சார். எனுக்கு இன்னாத்துக்கு சார் பின்னாடி ஓட்ட? எங்கூட்ல எலி வந்து போற ஓட்டயே அடைக்க முடில.”

பேருந்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்த மனிதரை அன்றிலிருந்து இளக்காரமாகப் பார்த்தேன். ‘இவர்களுக்கெல்லாம் சொன்னால் புரியாது’ என்று மனைவியிடம் சொன்னேன். தொழில்நுட்ப அறிவைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைப் பற்றி மட்டுமல்ல என்பதை இப்போது எழுதிவிடுகிறேன். பன்னிரண்டு வருடம் அவர் தலைக்கு மேல் குடியிருந்தேன். அவர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. தாகமில்லை என்பேன்.

என் மனைவி குடித்தாள். அவர் மனைவிக்கும் இவளுக்கும் நல்ல சிநேகம். ஒரு ஐப்பசி மாதம், புயல் எச்சரிக்கை என்று மதியமே எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படியேறப் போகும்போது கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு பெண்ணின் சிரிப்பு கேட்டது. யாரோ விருந்தாளி என்று நினைத்து நாலு படி ஏறிவிட்டேன். பிறகுதான் அது என் மனைவியின் சிரிப்பு என்று தெரிந்தது. அடையாளம் தெரியாத அளவுக்கு நான் அதைக் கேட்டு நாளாகியிருந்தது. அவள் சிரித்துக்கொண்டே, “அண்ணே, கேளு” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் மேலே போய் உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் அவள் ஒரு கேசட்டோடு வந்தாள். “கீழ அவங்க மெஷின்ல பேசிட்டேங்க. உங்களுக்கு எதுக்கு சிரமம்னுதான். மஸ்கட் போறவர்கிட்ட குடுத்துடுங்க” என்றாள்.

“அந்த டப்பாவுலயா? இரைச்சலாத்தான் இருக்கும். நம்ம டெக்குல போட்டுச் சரிபண்ணித் தரேன்.”

“வேணாங்க. அப்படியே குடுத்துடுங்க.”

மறுநாள் அவள் காய் வாங்கப் போனதும் அந்தக் கேசட்டை டெக்கில் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். இரைச்சலைப் பார்ப்பதற்காகத்தான் என்று அப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“அண்ணே, இது கீழ்வீட்டு மெஷின். ஒரே பட்டன். அமுக்கினேன், பேசறேன், அவ்வளவுதான்! அவரு வாங்கினாரே ஒண்ணு, அதுக்குப் பின்னாடி பதினாறு ஓட்டைண்ணே. ஒண்ணுலயும் ஒண்ணும் சொருகல. வாராவாரம் குச்சியில துணியச் சுத்தி நான்தான் தொடைக்கறேன், பதினாறு குழந்தைக்குக் காது கொடையற மாதிரி.”

பின்னாலிருந்து கிரேன் ஆபரேட்டரின் மனைவி குரல் கேட்டது: “அய்ய, யக்கா, சாரு காதுல வுழுந்துச்சுன்னா பேஜாருதான்!” இரண்டு பேரும் மூச்சுமுட்டச் சிரித்தார்கள். அதற்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அது தாங்கக்கூடிய கோபம். பிறகு அவள் குரல் இறங்கியது.

“அவரு கெட்டவரு இல்லண்ணே. ஆனா ஒரு பாட்டு கேக்கணும்னாலும் அவரைத்தான் கூப்பிடணும். இங்க எதைத் தொட்டாலும் தப்பாயிடுது. எனக்குக் கை இருக்கறதே மறந்துபோயிடும்போல இருக்கு. நீ லீவுல வர்றப்ப என்னையும் கும்பகோணத்துக்கு வரச் சொல்லேன். ரெண்டு மாசம் உன்கூட இருந்துட்டு வரேன். நான் கேட்டா, இங்க யாரு பாத்துக்கறதும்பாரு. நீ கேட்டா மறுக்கமாட்டாரு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத.”

அதைக் கேட்டுவிட்டு நான் செய்ததை இத்தனை வருடத்தில் இரண்டே பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன், அதுவும் ஒரே நாளில். கேசட்டைப் பின்னோக்கிச் சுற்றினேன். கலவைக் கருவியின் எல்லாக் குமிழ்களையும் பூஜ்யத்தில் வைத்தேன். ‘அவரு கெட்டவரு இல்லண்ணே’ என்று தொடங்கும் இடத்தில் பதிவுப் பொத்தானை அமுக்கினேன். ஊசிகள் இரண்டும் அசையாமல் கிடந்தன. மூன்று நிமிடம் கழித்து நிறுத்தினேன். வேலை சுத்தமாக இருந்தது. ஒரு ‘டக்’ சத்தம்கூட விழவில்லை. அந்தச் சுத்தத்தை மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது. துளைகளைப் பற்றிய கேலியை ஏன் விட்டுவைத்தேன் என்று கேட்டால், கேலியை அழித்தால் சின்னப் புத்தியாகிவிடும் என்று நினைத்தேன். என் பெருந்தன்மை அந்த லட்சணத்தில் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அண்ணனின் கேசட் வந்தது. நான்தான் போட்டேன். அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

“பாப்பா, உன் கேசட்டைக் கேட்டு இங்க கட்டில்ல உருண்டு சிரிச்சேன். அந்த ஓட்டைக் கதையை மூணு தடவை கேட்டேன். மாப்ள கோச்சுக்காதீங்க. ஆனா நடுவுல ரொம்ப நேரம் சத்தமே இல்ல பாப்பா. மெஷின் கோளாறா? ஏதாவது முக்கியமாச் சொன்னியா?”

அவள் முகம் வெளிறியது. நான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “நான் அப்பவே சொன்னேன்ல?” என்றேன். “அந்த மாதிரி டப்பாவுல பதிஞ்சா இதுதான் கதி.”

அவள் நம்பினாள். பதினாறு துளை வைத்திருப்பவன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்? செய்தி கீழேயும் போயிற்று. கிரேன் ஆபரேட்டர் மறுநாள் மேலே வந்து வாசலிலேயே நின்றார்.

“சார், எஞ்செட்டு அம்மாவோட கேசட்ட கெடுத்துச்சாமே? மனசுக்கு ரொம்ப பேஜாராப் பூட்ச்சு சார்.”

“விலைக்குத் தகுந்ததுதான் இருக்கும்” என்றேன்.

அவர் அதைத் தோளில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றத்துக்குப் போய் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினார். மெக்கானிக் ஒன்றுமில்லை என்றான். திருப்தியில்லாமல் செங்கல்பட்டுக்கும் கொண்டுபோனார். அங்கேயும் ஒன்றுமில்லை என்றார்கள். திரும்பி வந்து என்னிடம் சொன்னார். “அவங்களுக்கு என்ன தெரியும்?” என்றேன். அதற்குப் பிறகு அவர் வீட்டில் அதில் யாரும் பதிவு செய்யவில்லை. என் மனைவி கேட்கவுமில்லை, அவர்கள் கொடுக்கவுமில்லை. அண்ணன் அந்த வருடம் விடுமுறையில் வந்தார், எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினார், என்னோடு முன்னறையில் உட்கார்ந்து நான் விளக்கியதையெல்லாம் பணிவாகக் கேட்டார், போய்விட்டார். அவள் அவரோடு தனியாக இருந்த நேரமென்று ஒன்று வாய்க்காதபடி பார்த்துக்கொண்டேன். அவரை ஒரு முழு நாள் கடற்கரைக்கு அழைத்துப் போனதுகூட என்னைப் பொறுத்தவரை விருந்தோம்பல்தான்.

பிறகு வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. இனியாவது அவள் பேசலாம் அல்லவா? நான் விடுவேனா? ஒரு இணைப்பிலிருந்து மூன்று அறைகளுக்கும் கம்பி இழுத்து மூன்று கருவிகள் வைத்தேன். இன்னும் இரண்டுக்கு இடமும் விட்டேன். ஒன்றில் பேசினால் மற்ற இரண்டிலும் கேட்கும். மஸ்கட்டிலிருந்து அழைப்பு ராத்திரியில்தான் வரும்; வந்தால் நானும் படுக்கையறையில் எடுத்துக்கொள்வேன். “என்ன மச்சான், வெயில் எப்படி?” என்பேன். அண்ணனும் நானும் வெயிலைப் பற்றிப் பேசுவோம். அவள் கூடத்தில் கருவியைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பாள்.

ஓய்வுபெற்றதும் செங்கல்பட்டில் வீடு வாங்கிக் குடிவந்தோம். அண்ணனும் வேலையை விட்டுக் கும்பகோணத்துக்கு மகன் வீட்டோடு வந்துவிட்டார். வந்த ஆறாம் மாதம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. பேச்சு போய்விட்டது. காது மட்டும் கேட்டது. நாங்கள் சேர்ந்து போய்ப் பார்த்தோம். அவர் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்ல முயன்றார். நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று நாளில், ஓய்வூதிய வேலை இருக்கிறதென்று அவளை அழைத்து வந்துவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் அவள் தானே கடைத்தெருவுக்குப் போய் ஒரு கைபேசி வாங்கி வந்தாள். இருப்பதிலேயே எளிமையானது. சின்னத் திரை, எண் பொத்தான்கள், தலையில் ஒரு டார்ச். படம் எடுக்காது, பாட்டு பாடாது, நினைவட்டை போட இடமில்லை. என்னைக் கேட்கவில்லை. நான் அதை வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், பழக்கதோஷம். “இன்னும் கொஞ்சம் பாத்து வாங்கியிருக்கலாம். நாளைக்கு...” என்று ஆரம்பித்தேன்.

“எனக்கு நாளைக்கெல்லாம் வேணாங்க. இன்னிக்குப் பேசணும்” என்று சொல்லி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

ஆனால் என்ன பேசுவாள்? அண்ணனின் மகன் கைபேசியை அவர் காதில் வைப்பான். இவள் “அண்ணே, நான்தான்” என்பாள். அந்தப் பக்கம் ஒரு முனகல் வரும். இவள் சாப்பாட்டைப் பற்றி, மருந்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். தனியாகப் பேச வழி கிடைத்தபோது பதில் சொல்ல ஆள் இல்லை.

அந்த நாட்களில் ஒரு நாள் கிரேன் ஆபரேட்டர் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். அவரும் ஓய்வுபெற்று ஊரோடு போயிருந்தார். தாம்பாளத்தில் பத்திரிகை வைத்துக் கொடுத்துவிட்டு, என் மனைவியிடம் அண்ணனைப் பற்றி விசாரித்தார். பேச்சு போய்விட்டது என்றதும் பழைய கேசட்டைப் பற்றிப் பேச்செடுத்தார்.

“நம்ம செட்டு இன்னும் ஓடிக்கினுதாங்கீது மா. ஒரு நாளும் கெட்டதில்ல. அன்னிக்கி மட்டும் அதுக்கு இன்னா வந்துச்சோ, அண்ணன்கிட்ட நீங்க பேசினத முழுங்கிடுச்சு. எங்கூட்டுக்காரி இப்பவும் சொல்லிக்கினுகீறா, நாமதான் கெடுத்துட்டோம்னு.”

“அதெல்லாம் விடுங்க தம்பி, மெஷின்தானே” என்றாள் என் மனைவி.

பன்னிரண்டு வருடம் அந்த மனிதர் அதைச் சுமந்திருக்கிறார். நான் எழுந்து ஜன்னலருகே போனேன். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியமில்லை.

“அது மெஷின் இல்ல. நான்தான் அழிச்சேன்” என்றேன்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஹெட்போன், குமிழ்கள், மூன்று நிமிடம், இரண்டு மாதம் வந்து இருக்கட்டுமா என்று அவள் கேட்டது, எல்லாம். கிரேன் ஆபரேட்டர்தான் முதலில் வாய் திறந்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ரெண்டு மெக்கானிக்குகிட்ட தூக்கினு போனனே சார்” என்றார். அவ்வளவுதான். பத்திரிகையைச் சரியாக மேசைமேல் வைத்துவிட்டு, என் மனைவியிடம் மட்டும் “வந்துடுங்க மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் என்னைத் திட்டவில்லை. நான் அழுதேன் என்றுகூட எழுதலாம். ஆனால் அது அவளை உட்காரவைத்துத் தேற்றச் செய்யும் தந்திரம் என்று பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டதால் நிறுத்திக்கொண்டேன். அவள் கைபேசியை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். எங்கள் வீட்டில் அவள் தாழ்ப்பாள் போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் முறை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாள். வார்த்தைகள் கேட்கவில்லை. ஒரு தடவை குரல் உயர்ந்தது, ஒரு தடவை சிரிப்பு மாதிரி ஏதோ கேட்டது.

வெளியே வந்ததும், “அண்ணனுக்கு எல்லாம் புரிஞ்சுது” என்றாள். பிறகு, “நாளைக்குக் காலைல கும்பகோணம் போறேன். எப்ப வருவேன்னு தெரியாது” என்றாள்.

இங்க யாரு பாத்துக்கறது என்று நான் கேட்கவில்லை. அவர் அதன் பிறகு ஐந்து மாதம் உயிரோடிருந்தார். அவள் ஐந்து மாதமும் அங்கேதான் இருந்தாள். மாலையில் கட்டிலருகே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பாளாம்; அவர் கேட்டுக்கொண்டிருப்பாராம். அவர் மகன் சொன்னான். அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் அங்கே போகவில்லை. கடைசியில் தகவல் வந்த பிறகுதான் போனேன்.

கும்பகோணம் பேருந்துகள் செங்கல்பட்டு ஊருக்குள் வராது. அவள் கிளம்பிய அன்று காலை பைபாஸ் வரை ஆட்டோவில் போய் நின்றோம். நான் பையைத் தூக்கிக்கொண்டேன். அதையும் அவள் பேருந்து வந்ததும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஜன்னலோர இடம் கிடைத்தது. உட்கார்ந்த உடனே கைபேசியை எடுத்துக் காதில் வைத்தாள். நான் கீழே சாலையில் நின்றேன். அவள் உதடுகள் அசைந்தன. என் பக்கம் திரும்பவில்லை. அவள் பேசுவதைக் கேட்க நான் முயலவில்லை என்று எழுதத்தான் ஆசை. முயன்றேன். ஜன்னலுக்கு இன்னும் இரண்டடி நெருங்கிக்கூடப் போனேன். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.